பொன்னும் காற்றும் சயனைடும்

இரும்பு துருவேறி உதிர்கிறது. செம்பு களிம்பு பூக்கிறது. வெள்ளி கறுத்துப் போகிறது. பொன் மட்டும் மண்ணுக்கடியில் ஆயிரம் ஆண்டு கிடந்தாலும், எடுத்துக் கழுவிய மாத்திரத்தில் தன் பழைய காந்தியோடு மின்னுகிறது. கந்தகத் திராவகம், உப்புத் திராவகம், வெடியுப்புத் திராவகம் என்று ரசாயன சாலையில் உள்ள உக்கிரமான அமிலங்கள் தனித்தனியே வந்து தாக்கினால் அதன் மேனியில் ஒரு தழும்புகூட விழுவதில்லை. பின்னே சொன்ன இரண்டும் ஒன்று கூடி ராஜதிராவகம் ஆகும்போதுதான் அது இளகிக் கொடுக்கிறது. இத்தனை உறுதி வாய்ந்த பதார்த்தத்தை, புகையும் கொதிப்பும் இல்லாத, தெளிந்த, ஆயிரத்தில் ஒரு பங்குகூட உப்புச் சேராத ஒரு சயனைடுக் கரைசல், சாதாரண வெப்பநிலையில், சத்தமில்லாமல் கரைத்துத் தன்னுள் மறைத்துக்கொள்கிறது என்பது ரசாயன சாஸ்திரத்தின் பெரிய ஆச்சரியங்களில் ஒன்று. கடந்த சில பத்தாண்டுகளில், பொன்னை ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 10 நானோமீட்டர் அளவுள்ள நுண்துகள்களாக்கி, அந்தக் கரைசலில் விட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகு, இந்த ஆச்சரியத்தின் உள்விவரங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கி வருகின்றன.

சயனைடில் பொன் கரையும் என்ற செய்தி பழையது. ஸ்வீடன் தேசத்து மருந்துக் கடைக்காரரும் மகா ரசாயனியுமான ஷீலே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இதைக் கவனித்திருந்தார். 1840ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் எல்கிங்டன் குடும்பத்தார் சயனைடுக் கரைசலிலிருந்து மின்சாரத்தின் உதவியால் பாத்திரங்களுக்குப் பொன்முலாம் பூசும் தொழிலை நடத்தி வந்தார்கள். 1846இல் எல்ஸ்னர் என்ற ஜெர்மானியர், கரைதல் நிகழ்வதற்குச் சயனைடு மட்டும் போதாது, காற்றிலுள்ள பிராணவாயுவும் அவசியம் என்று எடுத்துக்காட்டினார். இன்றும் பாடப் புத்தகங்களில் இந்த வினையின் சமன்பாடு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் இதையெல்லாம்விட என் மனத்தைப் பிடித்து நிறுத்துகிற பரிசோதனை, அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின் மைக்கேல் பாரடே செய்து காட்டியது.

1857ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் அறுபத்தைந்தாம் வயதில், பாரடே லண்டன் ராயல் சொஸைட்டியில் பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை படித்தார். சுத்தியலால் அடித்து அடித்து மெல்லியதாக்கிய தங்க ரேக்கின் ஊடே ஒளி பச்சையாகக் கடந்து வருவதை அவர் கண்டிருந்தார். அதைக் காட்டிலும் மெல்லிய ரேக்கு கிடைத்தால் ஒளி என்ன செய்யும் என்று அறிய விரும்பினார். சுத்தியலால் அதற்கு மேல் மெலிதாக்க முடியாதபடியால், ரேக்கைச் சயனைடுக் கரைசலின் மேல் மிதக்கவிட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையச் செய்தார். அப்போதுதான் அவர் கண்ணில் ஒரு விசேஷம் தட்டுப்பட்டது. ஒரே மாதிரியான இரண்டு ரேக்குகளில் ஒன்றைக் கரைசலின் மேற்பரப்பில் மிதக்கவிட்டார். மற்றொன்றை இருபுறமும் நனைத்து உள்ளே அமிழ்த்தி வைத்தார். மிதந்த ரேக்கு 12 நிமிஷத்தில் கரைந்து மறைந்தது. மூழ்கிய ரேக்கு கரைந்து முடிய 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இரண்டும் ஒரே பொன், ஒரே கரைசல், மூழ்கியதற்கு இரண்டு முகமும் சயனைடு, மிதந்ததற்கு ஒரு முகம்தான் சயனைடு, அப்படியிருந்தும் ஒரு முகத்தால் தொட்டதுதான் அறுபது மடங்கு விரைவாகக் கரைந்தது. மேல்முகம் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்ததே காரணம் என்றும், காற்றும் பொன்னும் கரைசலும் சேர்ந்து அங்கே ஒரு சின்னஞ்சிறு மின்சுற்று நடந்திருக்கிறது என்றும் பாரடே தீர்மானித்தார். எலக்ட்ரான் என்ற ஒன்று உண்டென்று உலகம் அறிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு தங்க ரேக்குகளையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், பரிசோதனை என்பது எவ்வளவு எளியதாகவும் எவ்வளவு ஆழமாகவும் இருக்க முடியும் என்று வியக்காமல் இருக்க முடிவதில்லை.

அந்த மின்சுற்று எது என்று இப்போது பார்ப்போம். பொன் அணு கரைய வேண்டுமானால் முதலில் தன்னிடமுள்ள எலக்ட்ரான் ஒன்றைக் கைவிட்டு அயனியாக வேண்டும். பொன்னுக்கு அதில் மிகுந்த விமுகம். அதன் எலக்ட்ரானைப் பறிக்க வேண்டிய மின்னழுத்தம் சுமார் 1.7 வோல்ட், காற்றிலுள்ள பிராணவாயுவுக்கு அவ்வளவு வலிமை கிடையாது. பொன் நகைகள் காற்றுப்பட்டு மங்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான். சயனைடுக்கோ எலக்ட்ரானைப் பறிக்கும் ஆற்றலே இல்லை. ஆனால் எலக்ட்ரானை இழந்த பொன் அயனியின் இருபுறத்திலும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டு, அதை மறுபடி பொன்னாகத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு அபாரமாக உண்டு. கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த அந்தச் சிறு அயனி, தன் கார்பன் முனையால் பொன்னைப் பற்றுகிறது. நடுவில் பொன்னும் இருபுறமும் சயனைடும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானதென்றால், கரைசலில் தனியே விடுபட்டுத் திரியும் பொன் அயனி ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. அதன் பயனாகப் பொன்னிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க வேண்டிய மின்னழுத்தம் 1.7 வோல்ட்டிலிருந்து சுழியத்துக்கும் கீழே, சுமார் 0.6 வோல்ட் வரையில் இறங்கிவிடுகிறது. இனி எந்தப் பலவீனமான கையும் அந்த எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளலாம். நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு எடுத்துக்கொள்கிறது.

ஆக, சயனைடு தனித்து வந்தால் பொன் அசையாது. பிராணவாயு தனித்து வந்தாலும் அசையாது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அதன் உறுதி குலைகிறது. நான்கு பொன் அணுக்கள் கரைவதற்கு எட்டுச் சயனைடு அயனிகளும், ஒரு பிராணவாயு மூலக்கூறும், இரண்டு நீர் மூலக்கூறுகளும் வேண்டும். பிராணவாயு தன் பங்கை ஒரே மூச்சில் முடிப்பதில்லை என்பதையும், இடையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது என்பதையும் 1896இல் போட்லாண்டர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி காட்டினார். ஒரே பொன்துணுக்கின் ஒரு மூலையில் பொன் கரைந்துகொண்டிருக்க, அங்கே விடுபட்ட எலக்ட்ரான் உலோகத்தின் வழியே ஓடி மற்றொரு மூலையில் பிராணவாயுவிடம் சேர்கிறது என்பதை, மின் அளவைகளைக் கொண்டு 1954இல் குட்ரிக், கெல்லாக் என்ற இருவர் ஐயம் திரிபற நிரூபித்தார்கள். பாரடே கண்டுசொன்ன மின்சுற்றுக்குக் கணக்கு எழுதி முடிக்கக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆயிற்று.

இதில் தொழில் நடத்துகிறவர்களை வாட்டும் ஒரு சங்கடமும் உண்டு. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரையும். ஆகவே சயனைடை எவ்வளவு கொட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் பொன் விரைந்து கரையாது. பிராணவாயு வந்து சேரும் வேகமே கரைதலின் வேகம். ஆலைகளில் கரைசலின் அடியிலிருந்து அழுத்திய காற்றை இடைவிடாமல் ஊதுவது இதனால்தான். இன்னொரு விசித்திரம்: மாசு மருவில்லாத பொன், மாசு மருவில்லாத சயனைடில் தயங்கித் தயங்கியே கரைகிறது. முதல் சயனைடு வந்து ஒட்டியதும் உண்டாகும் பொன்சயனைடு ஒரு மெல்லிய படலமாக மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. இரண்டாவது சயனைடு வந்து அதைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். அது தாமதமானால் படலம் அடைத்துக்கொள்கிறது. அங்கே ஈயம், பாதரசம், தாலியம் போன்ற வேறு உலோகம் அணுவளவு இருந்தால் படலம் சிதைந்து வேலை துரிதப்படுகிறது. ஆலைக்காரர்கள் கரைசலில் சிறிதளவு ஈய உப்பைச் சேர்க்கும் வழக்கம், காரணம் முழுதும் விளங்குவதற்கு முன்பே அநுபவத்தால் வந்தது.

ஆய்வுசாலையில் ஒரு வேடிக்கையாக இருந்த இந்த ஞானத்தை உலகப் பொருளாதாரத்தையே அசைக்கும் தொழிலாக மாற்றியவர், கிளாஸ்கோ நகரத்து ரசாயனி ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர். அவரும் பாரஸ்ட் சகோதரர்களான இரு வைத்தியர்களும் 1887இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பொடித்த கனிமத்தை மிகவும் நீர்த்த சயனைடுக் கரைசலில் ஊறவைத்து, பொன் கரைந்த தெளிவை வடித்தெடுத்து, அதில் துத்தநாகச் சீவல்களைப் போட்டால், துத்தநாகம் கரைந்து பொன் வெளியே படியும், முறை இவ்வளவுதான். 1889இல் நியூஸீலந்தின் கரங்கஹாகே என்ற இடத்தில் முதன்முதலில் தொழில் அளவில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டுக்குச் சென்றது. அங்கே சுரங்கம் ஆழமாக ஆழமாகப் பொன் கந்தகக் கனிமங்களோடு கலந்து வந்தபடியால், பாதரசத்தில் சேர்த்து எடுக்கும் பழைய முறை பலிக்காமல் சுரங்க முதலாளிகள் கதிகலங்கியிருந்த சமயம் அது. சயனைடு வந்திராவிட்டால் ஜோகன்னஸ்பர்க் என்ற மாநகரம் இன்று இருக்கும் நிலையில் இருந்திராது. பிற்பாடு டிரான்ஸ்வால் நீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளுபடி செய்தது. பொன் சயனைடில் கரையும் என்பது உலகறிந்த செய்திதானே என்பது எதிர்த்தரப்பின் வாதம். கரையும் என்று அறிவது வேறு, டன் கணக்கான கல்பொடியில் ஒன்றிரண்டு கிராமாக ஒளிந்திருக்கும் பொன்னை லாபத்தோடு வெளியே கொண்டுவருவது வேறு என்பதே என் அபிப்பிராயம்; மக்ஆர்தரின் கீர்த்தி நீதிமன்றத்தின் தீர்ப்பால் குறைந்துவிடவில்லை.

மைசூர் ராஜ்யத்தில் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய கோலார் தங்கவயலுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த முறை வந்து சேர்ந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பாதாளத்தில் கல் உடைத்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் அங்கே வசிக்கிறார்கள். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. பொன் எடுத்தபின் கொட்டிய சாம்பல் நிறப் புழுதி மட்டும் மூன்று கோடி டன்னுக்கு மேல் குன்றுகளாக ஊருக்குள் நிற்கிறது. சயனைடு மலை என்று ஊரார் அதற்கு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. காற்று வீசும் மாதங்களில் அந்தப் புழுதி வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையில் விழுவதைச் சகித்துக்கொண்டு தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. எவர் உடலை வருத்திப் பொன் எடுக்கப்பட்டதோ அவர்களுக்கே அதன் கழிவும் பாத்தியமாயிற்று என்பது மன்னிக்கக்கூடிய காரியமில்லை.

கரைசலை எப்போதும் காரத்தன்மையோடு வைத்திருக்க ஆலைகளில் சுண்ணாம்பைத் தாராளமாகச் சேர்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரம் குறைந்தால் சயனைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து, 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் கொடிய விஷமாகிவிடும். சுண்ணாம்பு அந்த விஷத்தைக் கரைசலுக்குள்ளேயே கட்டி வைக்கிறது.

இனி நுண்துகளுக்கு வருவோம். காற்று நிறைந்த சயனைடுக் கரைசலில் பொன் தகடு ஒன்று மிகவும் அநுகூலமான நிலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு மணியில், சுமார் 3 மில்லிகிராம் கரையும் என்று அளந்திருக்கிறார்கள். கனத்தில் சொன்னால் இது ஒரு மணிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு இருபுறமும் இந்த வேகத்தில் தேய்ந்தால் முழுதும் மறைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். 15 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு நுண்துகள் இதே வேகத்தில் எல்லாப் பக்கமும் தேய்ந்தால் இருபது விநாடிகூடத் தாங்காது. பொருள் அதேதான், வேகமும் அதேதான், மேற்பரப்புக்கும் உள்ளீட்டுக்கும் உள்ள விகிதம்தான் மாறியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு பொன் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 19.3 கிராம், ஏறக்குறைய இரண்டரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாகப் பகுத்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகும். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டு மனைக்கு மேல். அத்தனை பரப்பும் ஒரே சமயத்தில் சயனைடுக்கும் காற்றுக்கும் திறந்து கிடக்கிறது.

இத்தகைய துகள்களைத் தயாரிப்பது கடினமில்லை. பொன் குளோரைடுக் கரைசலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சைச் சத்தின் உப்பாகிய சோடியம் ஸிட்ரேட்டைச் சேர்த்தால் சில நிமிஷங்களில் நீர் மாதுளை முத்தின் சிவப்பை அடைகிறது. 1951இல் டர்கெவிச் என்ற விஞ்ஞானி விரிவாக ஆராய்ந்து நிலைநிறுத்திய முறை இது. பாரடேயும் பாஸ்பரஸைக் கொண்டு இப்படிச் சிவந்த நீர்களைத் தயாரித்தார். அவற்றில் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றுவரை தெளிவு கெடாமல் இருக்கின்றன. மஞ்சள் பொன் ஏன் சிவக்கிறது? துகளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியலையின் தாளத்துக்கு ஒருமித்து ஊசலாடுகின்றன. இவ்வளவு சிறிய பொன் உருண்டையில் அந்த ஊசலாட்டம் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை விழுங்குகிறது. எஞ்சுகிற ஒளி சிவப்பாகத் தெரிகிறது. இதன் கணிதத்தை 1908இல் மீ என்ற ஜெர்மானியர் எழுதினார்.

அந்தச் சிவப்பு நீரில் சயனைடு சேர்ந்தால் வர்ணம் வெளிறி, இளஞ்சிவப்பாகி, கடைசியில் வெறும் தண்ணீராகிவிடுகிறது. பொன் எங்கும் போகவில்லை. சயனைடோடு பிணைந்து, நிறமற்ற அயனியாக அங்கேயே இருக்கிறது. புற ஊதாக் கதிரை அது விழுங்கும் முறையிலிருந்து அதன் இருப்பைக் கண்டுகொள்ளலாம். நிறமானி என்ற கருவியை வைத்து, பச்சை ஒளி விநாடிக்கு விநாடி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பதிவு செய்தால், கரைதலின் வேகம் காகிதத்தில் ஒரு கோடாக இறங்கி வரும். இதில் அவசரப்பட்டு முடிவு கட்டுவதற்கும் இடமிருக்கிறது. எல்லாத் துகள்களும் ஒரே சீராகச் சிறுத்துக்கொண்டு வந்தாலும் வர்ணம் குறையும். பாதித் துகள்கள் முழுதாகக் கரைந்து பாதி அப்படியே நின்றாலும் வர்ணம் குறையும். எது நடந்தது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அடியில் வைத்துத்தான் அறிய வேண்டும். மேலும், துகள் 2 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்ததும், பொன் இன்னும் மிச்சமிருக்கும்போதே அந்தச் சிவப்பு அடியோடு மறைந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடும் தகுதியை இழந்து, துகள் ஒரு பெரிய மூலக்கூறின் ஸ்வபாவத்தை அடைந்துவிடுவதே காரணம்.

நடைமுறையில் இந்தத் துகள்கள் கரைய நான் மேலே கணக்கிட்ட விநாடிகளுக்குப் பதில் பல நிமிஷங்களும், சில வேளைகளில் மணிக்கணக்கும் ஆகின்றன. இந்தத் தாமதத்தில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. பெரிய தகட்டில் கரைதலின் வேகத்தை நிர்ணயிப்பது, நீரின் ஊடே மெல்ல மெல்ல ஊர்ந்து வரும் பிராணவாயுவின் வரத்து என்று பார்த்தோம். மிகச் சிறிய உருண்டைக்கோ எல்லாத் திசைகளிலிருந்தும் பிராணவாயு வந்து குவிகிறது. அங்கே வரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே மேற்பரப்பில் நடக்கும் ரசாயன வினையின் சொந்த வேகமே வெளிப்படுகிறது. தகடு மறைத்து வைத்திருந்த ரகசியத்தைத் துகள் காட்டிக்கொடுக்கிறது. விஞ்ஞானிகள் இந்தத் துகள்களைத் தேடிச் செல்வதற்கு இதுவே தக்க காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டாவது உண்மை துகளின் மேலாடையைப் பற்றியது. அதைச் சொல்லுமுன் மேற்பரப்பிலுள்ள அணுக்களைக் கிட்டச் சென்று பார்க்க வேண்டும். பொன்னின் உள்ளே இருக்கும் அணு ஒவ்வொன்றையும் பன்னிரண்டு அணுக்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. தட்டையான மேற்பரப்பிலுள்ள அணுவுக்கு ஒன்பது அல்லது எட்டுப் பேர்தான் துணை; விளிம்பிலும் முனையிலும் உள்ளவற்றுக்கு அதிலும் குறைவு. சிதிலமான மதிலில் மூலைச் செங்கல் முதலில் கழன்று விழுவது எவ்வாறோ அவ்வாறே இந்த முனை அணுக்கள் சயனைடுக்கு முதலில் வசப்படுகின்றன. 5 நானோமீட்டர் துகளில் சுமார் நாலாயிரம் அணுக்கள்; அவற்றில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. இப்படி வளைந்து நெருங்கிய பரப்பிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பதற்கு வேண்டிய மின்னழுத்தமே குறைந்துவிடுகிறது என்று 1982இல் பிளீத் என்ற விஞ்ஞானி கணக்கிட்டுக் காட்டினார். துகள் சிறுக்கச் சிறுக்கப் பொன்னின் புகழ்பெற்ற உறுதியும் சிறுத்துக்கொண்டே போகிறது.

இந்தப் பலவீனத்தை மேலாடை ஈடுசெய்கிறது. நுண்துகள்கள் எப்போதும் எதையேனும் போர்த்துக்கொண்டுதான் இருக்கும். போர்வை இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகிவிடும். ஸிட்ரேட் மெல்லிய போர்வை. சயனைடு அதை எளிதில் விலக்கிவிடுகிறது. கந்தகத் தலையும் நீண்ட கார்பன் வாலும் உள்ள தயால் என்ற மூலக்கூறுகளோ பொன்னை இறுகப் பற்றி அடர்ந்த புதராக நிற்கின்றன. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ராய்ஸ் மர்ரேயும் அவர் மாணவர்களும் 1998இல் இந்தப் போர்வைகளைச் சயனைடு கொண்டே அளந்தார்கள். வால் நீள நீளக் கரைதல் தாமதமாயிற்று. சயனைடு புதருக்குள் வழி தேடி நுழைய வேண்டியிருந்தது. விஷம் ஒன்று இங்கே போர்வையின் நெருக்கத்தை அளக்கும் கோலாகப் பயன்பட்டது. அதே காலத்தில் லிஸ் மார்ஸான், கியர்ஸிக், மல்வானி ஆகிய விஞ்ஞானிகள் பொன் துகளின் மேல் கண்ணாடிப் பொருளாகிய ஸிலிக்காவால் ஓடு கட்டி, பிறகு சயனைடில் இட்டார்கள். ஓட்டிலுள்ள கண்ணுக்கெட்டாத துவாரங்களின் வழியே சயனைடு உட்புகுந்தது. பொன் கரைந்து அதே துவாரங்களின் வழியே வெளியேறியது. உட்குழிந்த ஸிலிக்கா ஓடுகள் மட்டும் முழுமையாக நின்றன.

இந்த அறிவு பிரயோகத்துக்கும் வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி ருமேனியாவில் பாயா மாரே என்ற இடத்தில் பொன் ஆலைக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து, சயனைடு கலந்த சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் நீர் ஸோமேஷ் நதியில் பாய்ந்து, அங்கிருந்து ஹங்கேரியின் திஸா நதிக்கும், டான்யூபுக்கும் பரவியது. திஸாவில் மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. அத்தகைய அபாயத்தில், குடிநீரில் விஷம் இருக்கிறதா என்று கரையிலேயே நின்று அறிய முடிந்தால் அது பேருபகாரம். உலக சுகாதார ஸ்தாபனம் முன்பு குடிநீரில் அனுமதித்திருந்த சயனைடின் உச்ச அளவு லிட்டருக்கு 0.07 மில்லிகிராம், நம் தேசத்தின் தரநிர்ணயம் 0.05. இருபத்தைந்தே பொன் அணுக்கள் அளவில் திரண்டு, ஆல்புமின் என்ற புரதத்தைப் போர்த்திய திரள்கள் புற ஊதாக் கதிரில் சிவப்பாக ஒளிரும். சயனைடு பட்டால் பொன் கரைந்து அந்த ஒளி அணைகிறது. எவ்வளவு அணைந்தது என்பதிலிருந்து விஷத்தின் அளவை, அனுமதித்த எல்லைக்கு வெகு கீழே வரையிலும் கணக்கிடலாம் என்று 2010இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மனிதர் ஆய்வுசாலையில் செய்யும் இந்தத் துகள்களை இயற்கையும் செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்லின் என்ற ஊரின் அருகே 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பொன் வயலில், எந்த நுண்ணோக்கியிலும் பொன் தென்படவில்லை. ஆய்ந்து பார்த்தாலோ கல்லில் பொன் இருந்தது. பிற்காலத்தில் சக்தி வாய்ந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிகள், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் படிகங்களுக்குள்ளே 5 முதல் 10 நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்கள் பதிந்திருப்பதைக் காட்டின. இன்னும் ஒரு பகுதி அணு அணுவாகவே படிகத்தில் கலந்திருக்கிறது. வெளியே வந்தால் விரைந்து கரையக்கூடிய துகள், பைரைட்டின் சிறைக்குள் இருக்கும்வரை சயனைடுக்கும் எட்டாது, காற்றுக்கும் எட்டாது. அந்தக் கனிமத்தை வறுத்தோ, அழுத்தக் கலங்களில் பிராணவாயுவோடு வேகவைத்தோ, கந்தகத்தைத் தின்னும் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தோ சிறையை உடைத்த பிறகுதான் சயனைடைக் கொண்டு வருகிறார்கள்.

மனித உடலுக்குள்ளும் பொன்னும் சயனைடும் பிணைவதுண்டு. மூட்டுவாதத்துக்குப் பொன் உப்புகளை ஊசியாகச் செலுத்தும் வைத்தியத்தை 1929இல் பிரெஞ்சு வைத்தியர் போரெஸ்டியே தொடங்கிவைத்தார். அந்த வைத்தியம் பெற்ற நோயாளிகளின் உடலில், பொன்னும் இரு சயனைடும் பிணைந்த அதே நேர்கோட்டு அயனியைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சயனைடு எங்கிருந்து வந்தது? நம் இரத்தத்தில் இயல்பாகவே தயோசயனேட் என்ற தீங்கற்ற பொருள் உண்டு. அழற்சி கண்ட இடத்தில் கூடும் வெள்ளணுக்களின் நொதி ஒன்று அதிலிருந்து மிகச் சிறிதளவு சயனைடை உண்டாக்குகிறது. புகைபிடிப்போரின் இரத்தத்தில் தயோசயனேட் அதிகமாகையால் அவர்களிடம் இந்த அயனியும் அதிகமாகக் காணப்பட்டது.

புற்றுநோய்க்கு மருந்தைச் சுமந்து செல்லவும், கட்டியைச் சூடேற்றி அழிக்கவும் பொன் நுண்துகள்களை உடலில் செலுத்த முயலும் இந்நாளில் இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியில்லை. பொன் உடலில் என்றென்றும் மாறாமல் கிடக்கும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2020இல் பாரிஸ் நகரத்து ஆய்வாளர்கள் 4 முதல் 22 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை மனித உயிரணுக்களுக்கு ஊட்டி ஆறு மாதம் வரை கவனித்தார்கள். உயிரணு தானே உண்டாக்கும் உக்கிரமான பிராணவாயுச் சேர்மங்களின் உதவியால் துகள்கள் சிறுகச் சிறுகச் சிதைந்தன. சிறியவை முந்திச் சிதைந்தன. கரைந்த பொன் உயிரணுவுக்குள்ளேயே மறுபடி மெல்லிய படிகங்களாகத் திரண்டது. துகளின் அளவையும் மேலாடையையும் தேர்ந்தெடுக்கும் வைத்திய ஆராய்ச்சியாளர், அது எத்தனை நாளில் கரையும், கரைந்த பொன் எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நோயாளியின் நரம்பில் ஊசி ஏறுவதற்கு முன்பே விடை சொல்லியாக வேண்டும்.